ஒரே ஃபைல் நாலு தடவை வந்தால் மென்பொருள் வாங்க வேண்டுமா?

கேள்வி: வீட்டுச் சாமான்களின் பில், வாரண்டி விவரங்களை டெக்ஸ்ட் ஃபைல்களாக வைத்திருக்கிறேன். 'வாரண்டி', 'பில்', 'சர்வீஸ்' என்று சொற்களைக் கொடுத்தால், அவை இருக்கும் ஃபைல்களைக் காட்ட, பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதினேன். ஒரே ஃபைல் மூன்று நாலு தடவை வருகிறது. டூப்ளிகேட் ஃபைல்களை நீக்கும் மென்பொருள் ஒன்று வருடச் சந்தாவில் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த மென்பொருள் டிஸ்க்கில் இருக்கும் நகல்களைத் தேடும். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒரே ஃபைல்தான், ஸ்கிரிப்ட்தான் அதன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. சந்தா கட்டினாலும் நாளைக்கும் அதேதான் வரும்.

ஸ்கிரிப்ட் எப்படிச் சுற்றுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லா ஃபைல்களையும் தேடினால், மூன்று சொல்லும் இருக்கிற ஃபைல் மூன்று தடவை வரத்தான் செய்யும். வரி வரியாகப் படித்து, பொருந்தும் ஒவ்வொரு வரிக்கும் பெயரை அச்சிட்டால் இன்னும் மோசம். பலர் உடனே லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் பகுதியை) நிறுத்தும் 'பிரேக்' கட்டளையைப் போட்டுவிட்டு, அப்புறமும் இரண்டு தடவை வருகிறதே என்று தலையைச் சொறிவார்கள். ஏனென்றால் பிரேக், சொற்களுக்காக உள்ளே இருக்கும் லூப்பை மட்டும்தான் நிறுத்தும், வெளியே வரிகளுக்கான லூப் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஃபைல் முழுவதையும் ஒரே மூச்சில் படித்து, சொற்களில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று பைத்தானின் 'எனி' (any) வைத்துக் கேட்டால் பிரேக்கே தேவையில்லை. எந்தச் சொல் எதில் கிடைத்தது என்பதும் வேண்டுமா? ஃபைல் பாதையைச் சாவியாகவும், கிடைத்த சொற்களை மதிப்பாகவும் வைத்து ஒரு டிக்ஷனரி (சாவி-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) போடுங்கள். பைத்தான் 3.7 முதல் டிக்ஷனரி சேர்த்த வரிசையைக் காக்கும். 'செட்' என்ற, ஒன்றை ஒரு தடவை மட்டும் வைத்துக்கொள்ளும் தொகுப்பைப் போட்டால் வரிசை கலைந்துவிடும்.

அதற்குப் பிறகும் வருகிறதா? முழுப் பாதையை அச்சிட்டுப் பாருங்கள். தாய் ஃபோல்டரையும் அதற்குள் இருக்கும் ஃபோல்டரையும் சேர்த்தே தேடக் கொடுத்திருப்பீர்கள், அல்லது ஒரே ஃபைலுக்கு, இப்போதைய ஃபோல்டரிலிருந்து தொடங்கும் ஒரு குறும்பாதையும் ஒரு முழுப்பாதையும் இருக்கும். பாதையை முழுப் பாதையாக மாற்றும் பைத்தானின் 'ரியல்பாத்' (realpath) வழியாக அனுப்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும். விண்டோஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்துக்கு, எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கும் 'நார்ம்கேஸ்' (normcase) போதும்.

ஸ்கிரிப்ட்டே வேண்டாம், சும்மா பெயர் தெரிந்தால் போதும் என்றால் லினக்ஸ், மேக்கில் ஃபைல்களுக்குள் சொல் தேடும் 'கிரெப்' (grep) கட்டளையில் சின்ன எல் (-l) ஆப்ஷன் இருக்கிறது, ஃபைல் பெயரை ஒரே ஒரு தடவைதான் சொல்லும். விண்டோஸின் 'ஃபைண்ட்ஸ்ட்ர்' (findstr) கட்டளைக்கு எம் (/m) ஆப்ஷன்.

நிஜமாகவே ஒரே உள்ளடக்கம் இரண்டு பெயரில் இருந்தால் கதை வேறு. அதற்கும் 'எஃப்டூப்ஸ்', 'டூப்குரு' என்று இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் 'எல்லாவற்றையும் நீக்கு' என்ற பட்டனை மட்டும் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள், வேண்டுமென்றே எடுத்து வைத்த பேக்கப்பும் அதற்கு டூப்ளிகேட்தான். உங்கள் பில்களில் பாதி ஸ்கேன் செய்த படங்களாக இருந்தால் மட்டும் வேறு கருவி தேவைப்படும், அதையும் முதலில் படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் 'டெசராக்ட்' வைத்துப் பாருங்கள். இலவசம், தமிழும் படிக்கும்.