லென்னன் சாவு செய்தி வந்த பழைய பேப்பரை லேமினேட் பண்ணலாமா?

காட்பாடியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். தாத்தாவோட இரும்புப் பெட்டியில ரெண்டு இங்கிலீஷ் பேப்பர் இருந்துச்சாம், ஒண்ணு 1968ல இங்கிலாந்து பாட்டுக் குழு பீட்டில்ஸ் ரிஷிகேஷ் வந்தப்ப வந்தது, இன்னொண்ணு அந்தக் குழுவுல பாடின ஜான் லென்னனை சுட்டுக் கொன்ன செய்தி. ஓரமெல்லாம் உதிருது, லேமினேட் பண்ணிடலாமா, ஒரிஜினல்தானான்னு எப்படி பாக்கறது, இன்னும் சேக்கணும்னா எங்க தேடறதுன்னு கேக்கறார்.

தம்பி, லேமினேஷன் கடைப் பக்கமே போயிடாதீங்க. சூடு பண்ணி ஒட்டின பிளாஸ்டிக்கை அப்புறம் உரிக்கவே முடியாது, உள்ள பேப்பர் மட்டும் பழுத்துக்கிட்டே இருக்கும். நியூஸ்பிரிண்ட் மரத்தை அப்படியே அரைச்சு செய்யற காகிதம், அதுல இருக்கற லிக்னின்ங்கற மரப்பொருள் வெளிச்சமும் காத்தும் பட்டா மஞ்சளாயிடும், ஆசிட் சேர்ந்து நாரையெல்லாம் அறுத்துடும், அதான் மடிச்ச இடத்துல அப்பளமா நொறுங்குது. செலோடேப்பும் வேணாம், அந்தப் பசை பழுப்பா ஊறி எழுத்தையே தின்னுடும்.

மொதல்ல ரெண்டையும் மொபைல்லயாவது நல்லா போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அடிக்கடி பிரிச்சுப் பாக்க வேண்டியிருக்காது. அப்புறம் விரிச்ச வாக்குல, பின்னாடி ஆசிட் இல்லாத அட்டை வச்சு, பாலியெஸ்டர் பிளாஸ்டிக் கவர்ல போடுங்க, பிவிசி கவர் வேணாம். நம்ம வேலூர் வெயிலுக்கு பரண் மேலயும் மொட்டைமாடி ரூம்லயும் வச்சா சீக்கிரமே போயிடும், கீழ் வீட்டு பீரோவுல நடுத்தட்டுல படுக்க வையுங்க. ஐப்பசி கார்த்திகை மழையில ஈரம் ஏறுதான்னு அப்பப்ப பாருங்க, பூச்சி வந்தாலும் அப்பவே தெரிஞ்சிடும். அந்துருண்டையை பேப்பர் மேல நேரா போடக் கூடாது.

ஒரிஜினலான்னு பாக்க மொதல்ல தேதியைப் பாருங்க. லென்னனை சுட்டது நியூயார்க்ல 1980 டிசம்பர் 8 ராத்திரி பதினொரு மணிக்கு கொஞ்சம் முன்னாடி, அப்ப நமக்கு 9ஆம் தேதி காலை ஒம்பதரை மணி வாக்குல, காலைப் பேப்பரெல்லாம் வீட்டுக்கு வந்து படிச்சே முடிச்சிருப்பாங்க. அதனால நம்ம ஊர் காலைப் பேப்பர்னா 10ஆம் தேதிதான் இருக்கணும், 9ஆம் தேதி போட்டு யாராவது வித்தா வாங்காதீங்க, அமெரிக்கப் பேப்பர்னா 9 சரி. அடுத்தது, கள்ள நோட்டு பாக்கற புளூ லைட்டை இருட்டுல அடிச்சுப் பாருங்க, இப்ப வர்ற வெள்ளைப் பேப்பர்ல அச்சடிச்ச நகல்னா பளிச்சுனு நீலமா மின்னும், பழைய நியூஸ்பிரிண்ட் மங்கலாவே கிடக்கும்.

என்னைக் கேட்டா உங்க கையில இருக்கறதுல ரிஷிகேஷ் பேப்பர்தான் பெரிய சொத்து. லென்னன் செய்தியை உலகம் பூரா ஜனங்க எடுத்து வச்சாங்க, 1968ல நம்ம ஊர்ல ரிஷிகேஷ் செய்தியை எடுத்து வைக்கணும்னு எத்தனை பேருக்குத் தோணியிருக்கும்? அந்த வருஷம் பிப்ரவரி நடுவுல இருந்து ஏப்ரல் நடு வரைக்கும் உள்ள பேப்பரைத் தேடுங்க, பீட்டில்ஸ் டெல்லி வந்துபோன 1966 ஜூலை, சிதார் ரவிசங்கரும் பீட்டில்ஸ்ல இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் பங்களாதேஷுக்காக கச்சேரி நடத்தின 1971 ஆகஸ்ட் மொத வாரம், இதையும் விடாதீங்க. கல்கத்தாவுல இருந்து வந்த ஜூனியர் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை கண்ணுல பட்டா யோசிக்காம வாங்கிடுங்க, ராக் மியூசிக் பத்தி அதுல நிறைய வந்துச்சு, 1977லயே நின்னுபோச்சு.

தேடறதுக்கு, சிஎம்சி ஆஸ்பத்திரியிலயும் வூரிஸ் காலேஜ்லயும் வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க வீடு காலி பண்றப்ப விசாரிங்க, பழைய பேப்பர் கடைக்காரர்கிட்ட எடை போடறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாத்துக்கறேன்னு சொல்லி வையுங்க. கட்டிங்கா வெட்டினதை விட பேரும் தேதியும் உள்ள மொதல் பக்கத்தோட முழுப் பேப்பரா கேளுங்க, விலையும் அதுக்குத்தான்.