காப்பகத்திலிருந்து வந்த பையன் சாப்பாட்டை ஒளித்து வைப்பது பற்றி

பிடுங்காதீர்கள், திருட்டு என்றும் சொல்லாதீர்கள். அக்கா மகன் காப்பகத்திலிருந்து வந்து மூன்று மாதமாகியும் தலையணை உறைக்குள் இட்லியும் நெத்திலிக் கருவாடும் வைக்கிறான், எறும்பு மொய்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவனுக்கென்று இறுக்கமான மூடி போட்ட ஒரு டப்பா கொடுங்கள். பொரிகடலை, முறுக்கு என்று நிரப்பி, அவன் படுக்கும் இடத்திலேயே வையுங்கள். காலியானால், அவன் கேட்காமலே நிரப்புங்கள்.

பெரும்பாலும் பயம்தான் காரணமாக இருக்கும். அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லாமல் இருந்த பிள்ளைகள், வயிறு நிறைந்த பிறகும் கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். மண்டபம் ஊரில் எங்கள் வீட்டில் வளர்ந்த நாத்தனார் மகளும் அப்படித்தான். ராத்திரி டப்பாவை இரண்டு தடவை திறந்து பார்த்து மூடிவிட்டுத்தான் தூங்குவாள். பாவம், அந்த மூடிச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இரண்டு வாரம் கவனியுங்கள். எந்த நாளில் அதிகம் ஒளிக்கிறான்? சித்தப்பா கடலுக்குப் போகும் ராத்திரியா, வீட்டில் காசுக்காகச் சத்தம் வந்த நாளா? மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கடன் பேச்சு அவன் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் உதவி உண்டு. வருமான வரம்பு இருக்கிறது. ராமநாதபுரத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள்.

அடிக்கடி வாந்தி, எடை குறைவு, தன்னையே காயப்படுத்துவது என்று ஏதாவது தெரிந்தால் டப்பா போதாது. உடனே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.