பூங்காப் பாதையில் கயிறின்றி ஓடும் நாய்கள்: யாரிடம் முறையிடுவது, எப்படித் தடுப்பது?

சேலம் அழகாபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது:

"எங்கள் குடியிருப்பை ஒட்டிய மாநகராட்சிப் பூங்காவின் நடைபாதையில் காலை வேளையில் முதியவர்களும் குழந்தைகளும் நடக்கிறார்கள், சிறுவர்கள் சைக்கிளும் ஓட்டுகிறார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலர் தங்கள் நாய்களை அங்கே அவிழ்த்துவிடுகிறார்கள். கேட்டால், 'எங்கள் நாய் ஒன்றும் செய்யாது' என்பதே பதில். சென்ற மாதம் ஒரு நாய் பாய்ந்து வந்ததில் என் தந்தையார் கீழே விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. நாய் கடிக்கவில்லை என்பதால் புகார் கொடுக்க முடியாது என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் நடைப்பயிற்சியாளர் சங்கம் அறிவிப்புப் பலகை வைத்து அபராதம் வசூலிக்கலாமா? பூங்காவுக்குள் நாய்களையே தடை செய்யலாமா? ஏற்காட்டிலும் இதே தொல்லையைக் காண்கிறோம். அங்கு யாரிடம் சொல்வது?"

தங்கள் தந்தையார் விரைவில் நலம்பெற வேண்டும். கடிக்காத நாயைப் பற்றிப் புகார் கொடுக்க முடியாது என்று தங்களிடம் சொன்னது தவறு. சட்டம் பார்ப்பது நாயின் பல்லை அல்ல, அதை வைத்திருப்பவரின் கவனக்குறைவை. ஆனால் தங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் 'இல்லை' என்பதே. சங்கம் அபராதம் வசூலிக்க முடியாது. சங்கம் நினைத்தால் பொதுப் பூங்காவில் நாய்களைத் தடை செய்யவும் முடியாது. அபராதம் விதிக்கும் அதிகாரம் சட்டத்தால் மட்டுமே வருவது. தனிப்பட்ட சங்கம் அந்தப் பெயரில் பணம் கேட்டால், புகார் சங்கத்தின் மீதே திரும்பும். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்களுக்குத் தடை விதிக்கவோ அபராதம் வசூலிக்கவோ இயலாது என்றே சொல்கின்றன. அதே வழிகாட்டுதல்கள், பொது இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்லும்படி உரிமையாளர்களுக்கு அறிவுறுத்துகின்றன. பூங்காவில் நாய்களுக்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளவும் வழி காட்டுகின்றன. ஆகவே தங்கள் சங்கம் அந்த வழிகாட்டுதல்களை எதிர்ப்பதைவிட, அவற்றையே கையில் எடுத்துக்கொண்டு பேசுவது பலன் தரும்.

முதல் வேலை, அந்த நிலம் யாருடையது என்பதை எழுத்தில் உறுதிசெய்துகொள்வது. இதைப் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகிறார்கள். பிறகு மாதக்கணக்கில் தவறான அலுவலகத்தின் படியேறுகிறார்கள். மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட இடம் மாநகராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தால் அங்கு மாநகராட்சியின் விதி செல்லும். ஒப்படைக்கப்படாமல் மனைப்பிரிவு உரிமையாளரின் பெயரிலேயே இருந்தால் செல்லாது. மூக்கனேரி போன்ற ஏரிக்கரைகளில் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலானது. கரை ஒரு துறையிடமும் அதன்மேல் போட்ட நடைபாதை வேறோர் அமைப்பிடமும் இருக்கக்கூடும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம் போட்டால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். அதில் பூங்காவின் சர்வே எண், பராமரிக்கும் அலுவலகம், பூங்காவைப் பயன்படுத்துவது பற்றி மாமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல், தங்கள் வார்டில் உரிமம் பெற்ற வளர்ப்பு நாய்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் கேளுங்கள். நான்காவது கேள்வி சாதாரணமாகத் தோன்றினாலும், மற்றவை எல்லாவற்றையும்விட அதுவே முக்கியம் என்பது என் கருத்து.

கயிறு கட்ட வேண்டும் என்ற விதி காகிதத்தில் தங்கிவிடுவதற்குக் காரணம், பெரும்பாலும் விதி இல்லாமை அன்று. எந்த நாய் யாருடையது என்று நிறுவ முடியாமைதான். பணியாளர் வந்து கேட்கும்போது "இது தெரு நாய், நான் சோறு மட்டும் போடுகிறேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் நடவடிக்கை அங்கேயே நின்றுவிடுகிறது. உரிமம், கழுத்துப் பட்டையில் உரிம எண் பொறித்த வில்லை, தோலுக்கடியில் மைக்ரோசிப் ஆகியவை இருந்தால் அந்தச் சாக்கு எடுபடாது. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய பிறகுதான், வளர்ப்பு நாய்களுக்கான உரிமம் குறித்து அந்த மாநகராட்சி முனைப்புக் காட்டியது. பின்னர் மைக்ரோசிப்பும் அங்கே கட்டாயமாக்கப்பட்டது. சேலத்துக்கும் இதே முறை வேண்டும், அதுவும் ஒரு குழந்தை படுகாயமடைந்து நாம் பாடம் கற்பதற்கு முன்பே வேண்டும். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 என்பது மாநகராட்சிகளுக்கான சட்டமாக 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பதால், சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்னும் நான்கு மண்டலங்களில் தாங்கள் எதைச் சேர்ந்தவரோ அந்த மண்டல அலுவலகத்தின் உதவி ஆணையருக்கும் மாநகராட்சி ஆணையருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, வார்டு உறுப்பினர் வழியாக மாமன்றத்தின் முன் பொருளாக வைக்கும்படி கேளுங்கள். பகுதி சபைக் கூட்டத்தில் அதே கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். கடிதத்தில் "நாய்த் தொல்லை" என்று பொதுவாக எழுதினால் அது தெரு நாய் பிடிக்கும் பிரிவுக்குப் போய்ச் சேரும். "உரிமையாளர் உள்ள வளர்ப்பு நாய்கள்" என்று முதல் வரியிலேயே தெளிவாக எழுதுங்கள்.

இனித் தங்கள் தந்தையாரின் காயம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதிய நடவடிக்கையை அறிந்தே செய்யாமலிருப்பவருக்கும் கவனக்குறைவால் செய்யாமலிருப்பவருக்கும் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது. எலும்பு முறிவு என்பது அச்சட்டத்தின் 116ஆம் பிரிவின்படி கொடுங்காயம். பொறுப்பற்ற அல்லது கவனக்குறைவான செயலால் பிறருக்குக் கொடுங்காயம் விளைந்தால் 125ஆம் பிரிவின்கீழ் 3 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. 291ஆம் பிரிவு பிடியாணையின்றி நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம் என்பதால், காவல் நிலையம் புகாரைப் பெற்றுக்கொண்டு விசாரிக்க வேண்டும். மறுத்தால், புகாரை மாநகரக் காவல் துறையின் உயர் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். விபத்து நடந்து ஒரு மாதம்தான் ஆகிறது, காலம் கடந்துவிடவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வாலாட்டிக்கொண்டு ஓடிவரும் எல்லா நாயையும் 291ஆம் பிரிவுக்குள் கொண்டுவர முடியாது. கொடுங்காயம் நேரக்கூடிய வாய்ப்பு இருந்தது என்பதையும், அது உரிமையாளருக்குத் தெரிந்திருந்தது அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் காட்ட வேண்டும். "எங்கள் நாய் இதுவரை யாரையும் ஒன்றும் செய்ததில்லை" என்ற வாதம் இந்த இடத்தில்தான் உரிமையாளருக்குக் கைகொடுக்கிறது. அதை உடைப்பது முன்னதாகக் கொடுத்த எழுத்து. நாய் ஒரு முதியவர் மீது தாவியது, ஒரு சிறுவனைச் சைக்கிளோடு துரத்தியது என்று தேதி, நேரத்துடன் சங்கம் அவருக்கு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பமோ பதிவுத் தபால் ரசீதோ வைத்திருந்தால், அதற்குப் பிறகு நடக்கும் எதுவும் எதிர்பாராத விபத்து ஆகாது. மரியாதையான நடையில், மிரட்டல் இல்லாமல் எழுதிய கடிதமே நடுவர்முன் எடுபடும். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் "நாய் பாய்ந்ததால் விழுந்தார்" என்று காரணம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெறுமனே "கீழே விழுந்தார்" என்று இருந்தால், சிகிச்சை அளித்த மருத்துவரிடம் விவரத்தை எழுத்தில் கொடுத்து, தங்கள் புகாருடன் இணைத்துவிடுங்கள்.

நாயின் பல்லோ நகமோ பட்டுச் சிறு கீறல் இருந்தாலும், தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தான் என்றாலும், உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி தோன்றிய பிறகு ஏறக்குறைய எப்போதும் உயிரைப் பறிப்பது. நாயின் உரிமையாளர் அதைப் 10 நாள் கண்காணிப்பில் வைத்திருக்க ஒத்துழைக்க வேண்டும். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

கடிதம், புகார் எல்லாம் கொடுத்தும் ஒருவர் ஒரு மூர்க்கமான நாயைத் தொடர்ந்து அவிழ்த்துவிடுகிறார் என்றால், பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு, பொதுத் தொல்லைகளை நீக்க உட்கோட்ட நடுவராகிய வருவாய்க் கோட்டாட்சியருக்கு அதிகாரம் தருகிறது. ஆபத்தான விலங்கை அடைத்து வைக்கும்படி உரிமையாளருக்கு அவர் நிபந்தனை உத்தரவு பிறப்பிக்கலாம். உரிமையாளர் நேரில் வந்து மறுப்பும் சொல்லலாம். உத்தரவு உறுதியான பிறகு அதை மீறுவது தனிக் குற்றம். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மனு கொடுத்தால், அது கோட்டாட்சியருக்கு அனுப்பப்படும். இந்தப் பிரிவு விலங்கை அழிக்கும்படி உத்தரவிடவும் இடமளிக்கிறது. ஆனால் அதைத் தாங்கள் கேட்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். தவறு கயிற்றைப் பிடிக்காத கையில் இருக்கிறது. கல்லெறிவதும் தடியால் அடிப்பதும் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960இன்கீழ்க் குற்றம் என்பதைச் சங்க உறுப்பினர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

விதியை எழுதும்போது "நாய்களைக் கட்டிக் கொண்டுவரவும்" என்ற ஒற்றை வரி போதாது. கயிற்றின் நீளத்தைச் சொல்ல வேண்டும். பலரும் சேர்ந்து நடக்கும் பாதையில் நான்கடி முதல் ஆறடிக்குள் இருக்கும் நீளாத கயிறே ஏற்றது. பொத்தானை அழுத்தினால் இழுபட்டு நீளும் வகை, திறந்த வெளிக்குப் பொருந்தும். பாதையில் அது குறுக்கே நீண்டு, கண்பார்வை குறைந்த முதியவரின் காலிலும் சைக்கிள் சக்கரத்திலும் சிக்கும். பிடித்திருப்பவர் நாயை அடக்கும் வலுவுள்ள பெரியவராக இருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் கையில் ராஜபாளையம் நாயின் கயிற்றைக் கொடுப்பது, அவிழ்த்துவிடுவதற்குச் சமம். நாய் பாதையின் வெளிப்புறமாக நடக்க, உரிமையாளர் நடுவில் வர வேண்டும். கனத்த சங்கிலியையும் மிகக் குட்டையான சங்கிலியையும் வற்புறுத்தாதீர்கள். அப்படிப்பட்ட சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் வதையாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

அவிழ்த்துவிடுபவர்களின் தேவையும் உண்மையானதே. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்கள் ஓடாமல் இருக்க முடியாது. நகரத்து வீடுகளில் அவற்றுக்கு ஓட இடம் இல்லை. பூங்காவின் ஒரு மூலையைக் கம்பிவலையால் அடைத்து, இரட்டைக் கதவு வைத்து, நாய்கள் அவிழ்த்தோட ஒதுக்கித் தரும்படி கேட்கும் கடிதத்தில் நாய் வளர்ப்பவர்களும் கையொப்பமிடுவார்கள். இடம் இல்லையென்றால் நேரத்தைப் பிரிக்கலாம்: முதியவர்கள் நடக்கும் அதிகாலை வேளையில் நாய்களுக்கு அனுமதி வேண்டாம், வெயில் ஏறிய பிறகு கயிற்றுடன் வரலாம் என்று மாநகராட்சி அறிவிக்கட்டும். இரு தரப்பும் சேர்ந்து கேட்ட விதியை மீறுபவரை, மற்ற நாய் உரிமையாளர்களே தட்டிக்கேட்பார்கள். அபராதத்தைவிட அது விரைவாக வேலை செய்யும்.

தெரு நாய்களை இந்தக் கோரிக்கையோடு கலக்காதீர்கள். அவற்றுக்கு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2023 தனியாக இருக்கின்றன. கருத்தடை, தடுப்பூசி ஆகியவற்றின் பொறுப்பு உள்ளாட்சியுடையது. வளர்ப்பு நாய்க்கு அவற்றைச் செய்ய வேண்டியவர் உரிமையாளர்.

ஏற்காட்டில் நிலைமை வேறு. அது சேலம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருப்பதால் மாநகராட்சியின் தீர்மானம் அங்கே செல்லாது. ஏரிக்கரை, படகு இல்லம், பூங்காக்கள் ஆகியவற்றை வெவ்வேறு துறைகள் நடத்துவதால், அந்தந்த இடத்தின் நுழைவாயிலில் இருக்கும் பொறுப்பாளரிடமே முதலில் சொல்ல வேண்டும். ஊராட்சிகளில் வசிப்பவர்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். கோடை விழாக் கூட்டத்துக்கு முன் வரும் மே 1 கூட்டம் இதற்குப் பொருத்தமானது. நாயுடன் மலையேறும் சேலத்துக்காரர்களுக்கும் ஒரு சொல்: 20 கொண்டையூசி வளைவுகள் உள்ள சாலையில் வண்டியை நிறுத்தி நாயைக் கயிறின்றி இறக்குவது, நாய்க்கும் பின்னால் வருகிற வாகன ஓட்டிக்கும் ஆபத்து. காப்பித் தோட்டங்களை ஒட்டிய பாதைகளில் காட்டெருமை எதிர்ப்படும். குரைத்துக்கொண்டு ஓடும் நாய், துரத்தும் காட்டெருமையைத் தன் உரிமையாளரிடமே அழைத்து வந்துவிடும். வனவிலங்கைத் துரத்துவதும் விரட்டுவதும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி 'வேட்டை' என்பதன் இலக்கணத்துக்குள் அடங்கும். எனவே காட்டை ஒட்டிய பகுதியில் யாராவது நாயை ஏவி முயலைத் துரத்தவிடுவதைக் கண்டால், அதை ஊராட்சியிடம் சொல்லிக்கொண்டிருக்காமல் வனச்சரக அலுவலகத்துக்கே தெரிவியுங்கள்.