சர்க்கரை வரத்து குறைந்தால் சாப்பிடுவதும் குறைந்ததாக அர்த்தமா?

கேள்வி: ஊட்டச்சத்துப் பட்டப்படிப்பின் இறுதியாண்டுக் கட்டுரைக்காக ஒரு நாட்டின் உணவு வரத்துப் புள்ளிவிவரங்களைப் பார்த்துவருகிறேன். ‘சர்க்கரையும் இனிப்பூட்டிகளும்’ என்ற வரியில் தலைக்கு ஆண்டுக்கு இத்தனை கிலோ என்று இருக்கிறது. அதே நாட்டில் மக்களிடம் கேட்டு எடுத்த உணவுக் கணக்கெடுப்பில் வரும் அளவு அதைவிட மிகக் குறைவு. எதை நம்புவது? வரத்து சில ஆண்டுகளாகக் குறைந்துவருவதால், ‘மக்கள் இனிப்பைக் குறைத்துவிட்டார்கள்’ என்று எழுதலாமா?

பதில்: அப்படி எழுதாதீர்கள், குறைந்தபட்சம் இப்போதைக்கு. காரணத்தைச் சொல்கிறேன்.

வரத்துக் கணக்கு போடும் முறை இது: நாட்டில் உற்பத்தியானதோடு இறக்குமதியைக் கூட்டுவார்கள், ஏற்றுமதியைக் கழிப்பார்கள். கிடங்கு இருப்பு ஏறியதா இறங்கியதா என்று சரிசெய்வார்கள். தீவனம், தொழிற்சாலைப் பயன்பாடு என்று உணவல்லாத வழிகளில் போனதையும் கழித்து, மிச்சத்தை மக்கள்தொகையால் வகுப்பார்கள். இதில் யாருடைய தட்டையும் யாரும் பார்க்கவில்லை. எல்லாம் கழித்தபின் மிஞ்சுவதுதான் அந்த எண். பாதி குடித்துவிட்டுக் கொட்டிய குளிர்பானம், டப்பாப் பழத்திலிருந்து வடித்துவிட்ட பாகு, ரொட்டி மாவில் ஈஸ்ட் தின்றுவிட்ட சர்க்கரை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆகவே அது உண்மையான உட்கொள்ளலைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

கணக்கெடுப்பு எண் எதிர்த்திசையில் பிசகும். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் இனிப்பையும் குளிர்பானத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள், அல்லது குறைத்துச் சொல்கிறார்கள். உண்மை பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். அளவு தெரியவேண்டுமானால் கணக்கெடுப்பைப் பாருங்கள். நீண்டகாலப் போக்கு தெரியவேண்டுமானால் வரத்தைப் பாருங்கள். வீணாகும் பங்கு ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாது என்று எடுத்துக்கொண்டால், வரத்தின் ஏற்ற இறக்கம் உட்கொள்ளலின் ஏற்ற இறக்கத்தை ஓரளவு காட்டும். அமெரிக்க வேளாண் துறை போன்ற சில அமைப்புகள் இழப்பை மதிப்பிட்டுக் கழித்த வரிசையையும் தனியாக வெளியிடுகின்றன. கிடைத்தால் அதையே எடுங்கள்.

போக்கைப் பார்க்கும்போதும் ஒரு பெரிய பள்ளம் உண்டு, அதில் விழாதவர்கள் குறைவு. அமெரிக்காவின் கதையே இதற்கு நல்ல பாடம். அங்கே 1970-இல் தலைக்குச் சுமார் 46 கிலோவாக இருந்த சர்க்கரை, 1980-களின் நடுவில் 28 கிலோ அளவுக்கு இறங்கியது. அந்த ஒரு வரியை மட்டும் பார்த்த ஒருவர் என்ன எழுதியிருப்பார்? ஒரு தேசமே இனிப்பைக் கைவிட்டுவிட்டது என்றுதான். நடந்தது வேறு. மக்காச்சோள மாவிலிருந்து நொதிகளைக் கொண்டு தயாரிக்கும் ஃபிரக்டோஸ் மிகுந்த பாகு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் அங்கே சர்க்கரை விலை உயர்ந்திருந்தது, பாகு மலிவாகக் கிடைத்தது. 1984-இல் இரண்டு பெரிய கோலா நிறுவனங்களும் முழுமையாகப் பாகுக்கு மாறின. எல்லா இனிப்பூட்டிகளையும் சேர்த்துப் பார்த்தால் வரத்து குறையவே இல்லை. ஏறிக்கொண்டே போய் 1999-இல் தலைக்குச் சுமார் 68 கிலோ என்ற உச்சத்தைத் தொட்டது.

அப்புறம் கதை திரும்பியது. உச்சத்துக்குப் பிறகு மொத்தம் இறங்கியது, பாகும் வேகமாக இறங்கியது. ஆனால் சர்க்கரையின் அளவு மெல்ல ஏறி 30 கிலோவைத் தாண்டியது. முதல் காலகட்டத்தில் சர்க்கரை இறங்க மொத்தம் ஏறியது, இரண்டாவதில் சர்க்கரை ஏற மொத்தம் இறங்கியது. இரண்டு முறையும் சர்க்கரையின் எண் மட்டும் தனியாகத் தவறான பக்கம் கைகாட்டியிருக்கிறது! ஆகவே உங்கள் பட்டியலில் முதல் வேலை, அந்தத் தலைப்புக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பது. ஐநாவின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு தரும் கணக்கில் ஆலைச் சர்க்கரை, வெல்லம் போன்ற ஆலை சாராச் சர்க்கரை, தேன், மற்ற இனிப்பூட்டிகள் எல்லாம் இந்தத் தலைப்பில் வரும். கரும்பும் பீட்டும் பயிர்களாகத் தனித் தலைப்பில் இருக்கும். அவற்றையும் கூட்டினால் ஒன்றை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

அலகுகளையும் பாருங்கள். சில பட்டியல்கள் சுத்திகரித்த சர்க்கரையின் எடையைத் தருகின்றன, சில கச்சாச் சர்க்கரைக்கு இணையான எடையை. சுத்திகரித்த எடையைக் கச்சா எடைக்கு மாற்ற 1.087-ஆல் பெருக்குவது வழக்கம். இதைக் கவனிக்காமல் இரண்டு நாடுகளை ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 9 சதவீத வித்தியாசம் காற்றிலிருந்து முளைத்துவிடும். பாகு வகைகளில் நீரும் உண்டு என்பதால் உலர் எடையா, திரவ எடையா என்றும் பார்க்கவேண்டும்.

ஒரே ஓர் ஆண்டின் திடீர்த் தாவலை நம்பவேண்டாம். பெரும்பாலும் அது கிடங்கு இருப்பின் ஆட்டம். மூன்று அல்லது ஐந்து ஆண்டுச் சராசரி போதும். அதைவிட முக்கியம், ஐநா கணக்கில் பழைய வரிசை 2013-உடன் நிற்கிறது, புதிய முறையிலான வரிசை 2010-இலிருந்து தொடங்குகிறது. இரண்டையும் ஒரே கோடாக இழுத்தால், கணக்கு முறை மாறியதால் கோட்டில் வந்த தாவல், மக்களின் பழக்கம் மாறியதுபோல் தெரியும்.

சரி, இதையெல்லாம் சரிபார்த்தபிறகும் மொத்தம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டு விஷயங்கள் மிச்சம். செயற்கை இனிப்பூட்டிகளில் அஸ்பார்டேம் சர்க்கரையைப் போலச் சுமார் 200 மடங்கு, சுக்ராலோஸ் சுமார் 600 மடங்கு இனிப்பு. கிலோக் கணக்கில் அவை கண்ணுக்கே தெரியாது. சர்க்கரை குறைந்து அவை புகுந்திருந்தால் கலோரி குறைந்திருக்கும், இனிப்புச் சுவை மீதான பழக்கம் அப்படியே இருக்கலாம். இன்னொன்று, சாக்லேட்டாகவும் பிஸ்கட்டாகவும் பானமாகவும் எல்லை தாண்டும் சர்க்கரை இந்தக் கணக்கில் முழுதாகப் பிடிபடுவதில்லை. இவற்றை அதிகம் இறக்குமதி செய்யும் நாட்டின் வரத்து குறைவாகத் தெரியும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் வரத்து கூடுதலாகத் தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதலோடு ஒப்பிடவும் கை துறுதுறுக்கும். தனிச் சர்க்கரைகள் (உணவில் சேர்க்கும் சர்க்கரையும், தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாக உள்ளதும்) மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும் என்கிறது அது. நாளுக்கு 2,000 கலோரி என்றால் 50 கிராம், ஆண்டுக்குச் சுமார் 18 கிலோ. ஆனால் அந்த வரையறையில் பழச்சாற்றின் சர்க்கரையும் சேரும், வரத்துப் பட்டியலிலோ அது பழங்களோடு போய்விடும். மேலும் அந்த வரம்பு உட்கொள்வதற்கு, வரத்துக்கு அல்ல. இந்த ஒப்பீட்டைக் கணக்கெடுப்பு எண்ணோடு மட்டும் செய்யுங்கள்.

கட்டுரையில் ‘உட்கொண்டார்கள்’ என்பதற்குப் பதிலாக ‘தலைக்குக் கிடைத்த அளவு’ என்று எழுதுங்கள். வரைபடத்தில் மொத்தக் கோட்டுக்குக் கீழே சர்க்கரை, பாகு, மற்றவை என்று தனித்தனிக் கோடுகளைக் காட்டுங்கள். கணக்கெடுப்பு எண்ணும் அதே திசையில் நகர்ந்திருந்தால், ‘குறைந்திருக்கிறது’ என்று தயங்காமல் எழுதலாம்.