தாளக்காரரின் பங்கு

அன்புள்ள ஐயா,

பிங்க் ஃபிளாய்டு குழுவின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன் எழுதிய ‘இன்சைட் அவுட்’ நூலை நீங்கள் ஓர் உரையில் பரிந்துரைத்ததால் வாங்கிப் படித்தேன். ஏமாற்றமாக இருந்தது. அவ்வளவு பெரிய குழு உடைந்ததை யாருக்கோ நடந்ததுபோல எழுதுகிறார். எவர்மீதும் கோபமில்லை. தன் இடத்தில் வேறொருவர் வாசித்ததைக்கூட அமைதியாகச் சொல்லிவிட்டுப் போகிறார். நானும் ஒரு சிறிய குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். எங்கள் முதல் இரண்டு பாடல்கள் வெளியானபோது ‘இசை’ என்ற இடத்தில் கிட்டார் வாசிக்கும் நண்பரின் பெயர் மட்டுமே இருந்தது. எனக்கு இந்த நூலால் என்ன பயன்? ராக் இசையை அறிய வேறு நல்ல நூல்கள் உண்டா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

என்ன படிக்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த இரண்டு பாடல்களைப் பற்றிய வரிக்காகவே இதை எழுதுகிறேன். ஒரு குழு சேர்ந்து உருவாக்கும் பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதைச் சில காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன் கண்டிப்பாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சண்டை எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டே ஒருவரின் வாழ்க்கை நினைவுகளைப் படிப்பது மிக மோசமான பழக்கம். 1975 ஜூனில் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள், தலையை மழித்த, உடல் பருத்த ஒரு மனிதர், பழைய மழைக்கோட்டும் கையில் பிளாஸ்டிக் பையுமாக வந்து நிற்கும் பக்கங்களை நீங்கள் எப்படிக் கடந்துபோனீர்கள்? அவர் யாரென்று மேசனுக்குத் தெரியவில்லை. குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர், இவர் யாரென்று தெரிகிறதா என்று கேட்ட பிறகும் தெரியவில்லை. வந்தவர் சிட் பாரெட், அந்தக் குழுவைத் தொடக்கத்தில் தன் பாடல்களால் நிலைநிறுத்தியவர். 1968இல் ஒரு நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் அவரை ஏற்றிக்கொள்ளாமலேயே வண்டியை ஓட்டிச் சென்றவர்களில் மேசனும் ஒருவர். அதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தன்னையும் சேர்த்துக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு, குரலை உயர்த்தாமல் பேசுகிற ஒருவரை உணர்ச்சியற்றவர் என்று நீங்கள் எண்ணியது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பகுதியைத் திரும்பப் படியுங்கள்.

இனி பங்கு பற்றி. ரீஜன்ட் தெரு பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படிக்கப் போய், அங்கே பின்னாளில் குழுவின் சக கலைஞர்களான ரோஜர் வாட்டர்ஸையும் ரிச்சர்ட் ரைட்டையும் சந்தித்த மேசன், பிங்க் ஃபிளாய்டின் எல்லா ஸ்டுடியோ ஆல்பங்களிலும் இடம்பெற்ற ஒரே மனிதர். ஆனால் 1975 முதல் 1983 வரை வந்த நான்கு ஆல்பங்களில் எந்தப் பாட்டிலும் ஆக்கியோர் வரிசையில் அவர் பெயர் இல்லை. இசைத்தொழிலில் பாட்டின் உரிமை மெட்டுக்கும் சொல்லுக்கும் உரியது. அந்த இரண்டையும் தந்தவர்களுக்குப் பாட்டு ஒலிக்கும் காலமெல்லாம் உரிமைத்தொகை வரும். தாளம் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அது ‘வாசிப்பு’ என்ற கணக்கில் போய்விடும். இது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து.

1973இல் வந்த ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பத்தின் ‘டைம்’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி விடுதியில் ஒரு நண்பனின் தேய்ந்த கேசட்டில்தான் அதை முதலில் கேட்டேன். கடிகாரங்கள் ஒருசேர அலறி ஓய்ந்தபின் வரும் அந்த ஆழமான ஓசை எந்த வாத்தியம் என்று எங்கள் அறையில் எவருக்கும் தெரியவில்லை. அது ரோட்டோடாம் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. பீப்பாய் இல்லாத, திருகினால் சுருதி மாறுகிற பறை அது. முதல் இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஒரு சொல்கூட வராத அந்தப் பாட்டில், வெற்று வெளியில் ஒருவர் நிதானமாக அடி அடியாக எடுத்துவைத்து நடக்கிறார். அந்த நடை இல்லாவிட்டால் பின்னால் வரும் குரலுக்கு அவ்வளவு வலிமை கிடைத்திருக்காது. அந்தப் பாட்டுக்கு நால்வரின் பெயரும் இருக்கிறது, அதுதான் முறை.

அதே ஆல்பத்தின் தொடக்கமான ‘ஸ்பீக் டு மீ’ மேசன் பெயரில் மட்டும் இருக்கிறது. அதைத் தாம் அன்பளிப்பாகக் கொடுத்ததாக வாட்டர்ஸ் பிற்காலத்தில் சொன்னார். இருக்கட்டும். அந்த ஆல்பத்தை நினைத்தாலே காதில் முதலில் கேட்பது ஓர் இதயத்துடிப்பு. நிஜமான இதயத்தின் ஒலிப்பதிவு கேட்பவரைப் பதறவைத்ததால், பேஸ் டிரம்மில் மெத்தைபோல் துணியைத் திணித்து மென்மையாக அடித்து உண்டாக்கிய ஒலி அது. ‘மணி’ (பணம்) பாட்டின் தொடக்கத்துக்காகப் பழைய பென்னி நாணயங்களில் துளையிட்டு நூலில் கோத்ததை மேசனே எழுதியிருக்கிறார். அந்தக் கலகலப்பும், காகிதம் கிழிபடும் ஓசையும், கல்லாப்பெட்டியின் ஓசையும் பதிவான நாடாத் துண்டுகளை அடிக்கோலால் அளந்து வெட்டி, ஒட்டி, வளையமாக்கிச் சுழலவிட்டார்கள். ஏழு எண்ணிக்கைத் தாளம் காதில் ஏறுவது அந்த வளையத்தில்தான். நாணயத்தில் துளையிடுவது இசையமைப்பா என்று கேட்பவர்களிடம் நான் திரும்பக் கேட்பேன்: அது இல்லையென்றால் வேறு எது?

பிங்க் ஃபிளாய்டின் ‘தி வால்’ ஆல்பத்தின் ‘மதர்’ பாட்டில் மேசனுக்குப் பதிலாக ஜெஃப் போர்க்காரோ என்ற வேறொரு டிரம்ஸ் கலைஞர் வாசித்தார். தாளம் மாறி மாறி வரும் அந்தப் பாட்டு மேசனுக்குப் பிடிபடவில்லை; அதை ஒப்புக்கொள்வதில் எந்த இழிவும் இல்லை. அவமானம் என்று சொல்ல வேண்டுமானால், அதே ஆல்பத்தின்போது ரைட்டைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, மேடைக்கு மட்டும் சம்பளத்துக்கு அமர்த்தினார்களே, அதைச் சொல்லுங்கள். அந்தக் கச்சேரிகள் நட்டத்தில் முடிந்ததால் சம்பளக்காரரான ரைட் ஒருவருக்குத்தான் லாபம் என்பதை இன்றும் வேடிக்கையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சிரிப்பதற்கு எதுவும் தெரியவில்லை.

நீங்கள் விரும்பும் கோபம், ‘தி பேண்ட்’ குழுவின் டிரம்ஸ் கலைஞர் லெவான் ஹெல்மின் ‘திஸ் வீல்ஸ் ஆன் ஃபயர்’ நூலில் நிறைய உண்டு. அந்தக் குழுவின் பாடல்களுக்கு உரியவராகப் பெரும்பாலும் கிட்டார் கலைஞர் ராபி ராபர்ட்சனின் பெயர் மட்டும் இருப்பதை ஹெல்ம் கடைசிவரை ஏற்கவில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அதை எழுதும்போது பழைய நட்பு திரும்பவே முடியாத இடத்துக்குப் போயிருந்தது. உங்கள் நண்பரும் நீங்களும் அங்கே போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று மிகவும் விரும்புகிறேன்.

அவரிடம் இதுவரை பேசினீர்களா? கடிதத்தைப் பார்த்தால் பேசவில்லை என்றே தெரிகிறது. முகமறியாத எனக்கு எழுத முடிந்ததை, கூடவே ஒத்திகை பார்க்கும் நண்பரிடம் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்? மூன்றாவது பாட்டைப் பதிவுசெய்யும் முன்பே, யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். பணம் வரத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சு மிகவும் கடினமாகிவிடும். அந்த இரண்டு பாடல்களையும் எனக்கு அனுப்பிவையுங்கள். டிரம்ஸ் மட்டும் தனியாக இருக்கும் பதிவு கைவசம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், முதலில் அதைத்தான் கேட்க விரும்புகிறேன்.

அன்புடன்.