சென்னை வடிகாலுக்கும் குடிநீருக்கும் உலக வங்கி, ஏடிபி (ஆசிய வளர்ச்சி வங்கி) கடன் தருகிறார்களே, அந்தப் பணம் எப்படி வருகிறது? திருப்பிக் கட்டுவது யார்?

வடசென்னையில் இப்படி ஒரு கடனில் நடந்த மழைநீர் வடிகால் வேலையில், ஒப்பந்ததாரரிடம் பில்லிங் இன்ஜினியராக இரண்டு வருடம் இருந்தேன். எந்த வங்கி, எந்தப் பேக்கேஜ் என்பதெல்லாம் வேண்டாம். பார்த்ததைச் சொல்கிறேன்.

கடன் வாங்குவது மாநகராட்சி இல்லை, மாநில அரசும் இல்லை. மாநிலங்கள் வெளிநாட்டில் நேரடியாகக் கடன் வாங்க அரசியலமைப்பில் இடமில்லை. அதனால் பத்திரத்தில் கடனாளி இந்திய அரசுதான். கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு 2021இல் ஏடிபி ஒப்புக்கொண்ட 25.1 கோடி டாலரும் அப்படித்தான். கோவளம் பக்கம் ஜெர்மனியின் அரசு வங்கியான கேஎஃப்டபிள்யூ, அடையாறு, கூவம் பக்கம் உலக வங்கி என்று ஊரையே பாகம் பிரித்த மாதிரி இருக்கும். டெல்லி வாங்கியதை அதே வட்டி, அதே தவணையில் மாநிலத்தின் கணக்கில் ஏற்றிவிடும். 2005க்கு முன்னால் இப்படி இல்லை. அப்போது டாலர் ஏற்ற இறக்கத்தை டெல்லி சுமந்தது. மாநிலத்துக்கு ரூபாயில் நூற்றுக்கு 70 பங்கு கடன், 30 பங்கு மானியம். இப்போது அந்தச் சுமையும் மாநிலத்தின் தலையில்தான். 2010இல் டாலர் 45 ரூபாய்ச் சொச்சம், 2024இல் 83ஐத் தாண்டிவிட்டது. வட்டி குறைவு என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

வங்கிப் பணம் வந்து இறங்கிய பிறகுதான் வேலை ஆரம்பிக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் தலைகீழ். மாநிலம் முதலில் தன் பட்ஜெட்டிலிருந்து செலவழிக்கும். பில்லெல்லாம் சேர்த்து டெல்லி வழியாக வங்கிக்குக் கோரிக்கை போகும். விதிப்படி நடந்த செலவு என்றால் பணம் திரும்பும். எங்காவது விதி மீறியிருந்தால் அந்தச் செலவை வங்கி ஏற்காது. அந்தப் பயத்தில்தான் எங்கள் பில்லை அப்படிப் பிடித்து உலுக்குவார்கள்.

ஒருமுறை கம்பி, கான்கிரீட், எம்-புக் என்கிற அளவுப் பதிவேட்டுக் கணக்கு எல்லாம் சரியாக இருந்தும், வேலை நடக்க நடக்கப் போடும் ஆர்ஏ பில் ஒன்று பதினோரு நாள் நின்றது. காரணம் ஒரு இட்லிக்கடை. பள்ளம் தோண்டும் ஓரத்தில் தள்ளுவண்டி போட்டிருந்த அக்காவின் பெயர், பாதிக்கப்படுவோர் பட்டியலில் இருந்தது. வியாபாரம் நிற்கும் நாட்களுக்கு இழப்பீடு கொடுத்துக் கையெழுத்து வாங்கிய பிறகே மண்ணில் கை வைக்க வேண்டும். நாங்கள் பொக்லைனை முதலில் இறக்கிவிட்டோம். அவர் அடுத்த தெருவுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். படிவத்தோடு தேடிப் போனேன். “தோண்டி நாலு நாளாச்சு, இப்ப வந்து கையெழுத்து கேக்குற. நாலு நாளும் மாவு புளிச்சதுதான் மிச்சம்” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முன் நான் செய்த உள்ளூர் நிதி வேலைகளில் அப்படி ஒரு பட்டியலையே பார்த்ததில்லை. வங்கிக் கடனில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் இதுதான்.

பிடிக்காதது, கட்டுவதற்குக் கிடைக்கிற பணம் ஓட்டுவதற்குக் கிடைப்பதில்லை. கேஎஃப்டபிள்யூ கடனில் கட்டி 2024 பிப்ரவரியில் திறந்த, கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி இரண்டாவது நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் 15 கோடி லிட்டர். கடல்நீரை ஆர்ஓ முறையில், அதாவது அழுத்தி வடிகட்டி உப்பைப் பிரிக்க, ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் கரண்ட் ஆகும். முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளைக்கு 4.5 முதல் 6 லட்சம் யூனிட். அந்த பில் கடனில் வராது. குடிநீர்க் கட்டணத்திலும் அரசு மானியத்திலும்தான் வர வேண்டும். பேரூரில் ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்காவின் கடனில் வருவது இதே மாதிரி தினம் 40 கோடி லிட்டர் நிலையம். அப்புறம் அதன் கரண்ட் பில்லையும் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

வங்கிகளுக்கும் இது தெரியாமல் இல்லை. உலக வங்கி 2021இல் ஒப்புக்கொண்டு, ஏஐஐபியும் (ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி) சேர்ந்து ஆளுக்கு 15 கோடி டாலர் என்று சென்னைக்குத் தரும் திட்டத்தில், சிமெண்ட் பில்லுக்குப் பணம் என்பதை விட்டுவிட்டு, குடிநீர், பேருந்து போன்ற சேவைகளில் முன்கூட்டியே பேசிய முன்னேற்றத்தைக் காட்டினால் பணம் என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த வழிதான் சரி என்று படுகிறது. ஆனால் அதிலும் அளவுகோலை யார் பிடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

போன அக்டோபரில் அந்தத் தெருப் பக்கம் போனேன். அக்கா பழைய இடத்துக்கே வந்துவிட்டார். வண்டியின் ஒரு சக்கரம் நாங்கள் போட்ட வண்டல் தொட்டியின் மூடி மேல் இருந்தது. கடைசியாக எப்போது திறந்து தூர் வாரினார்கள் என்று கேட்டேன். “நீங்க போனப்புறம் யாரு வந்தா?” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சாம்பார் ஊற்றப் போய்விட்டார்.