இ-பாஸ் ஏபிகே: ஃபிஷிங்கா, மால்வேரா?

கோத்தகிரியில் காட்டேஜ் நடத்தும் நீங்கள், போலி இ-பாஸ் (நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கான அனுமதி) செயலியை இன்ஸ்டால் செய்துவிட்டு, இது ஃபிஷிங்கா மால்வேரா, பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான். ‘ஊட்டி இ-பாஸ்’ என்று வாட்ஸ்அப்பில் வந்த லிங்க் ஃபிஷிங், அதாவது தூண்டில். அதை நம்பி நீங்கள் இன்ஸ்டால் செய்த ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு) மால்வேர், அதாவது தகவலைத் திருடும் கெட்ட செயலி. பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா என்றால், போதாது. அதே போனில் மாற்றினால் புதியதும் களவு போகலாம்.

கோத்தகிரி காட்டேஜ் கணக்கில் நீங்கள் கேட்காமலே ஓடிபி வருகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் வேறு யாரோ அதில் நுழைய முயல்கிறார்கள்; அந்தச் செயலிக்கு எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்திருந்தால், அந்த ஓடிபியை அவர்களால் படிக்க முடியும்.

1. டேட்டா, வைஃபை இரண்டையும் அணையுங்கள்.
2. செட்டிங்ஸில் ‘அக்சஸிபிலிட்டி’, ‘டிவைஸ் அட்மின்’ பட்டியல்களைப் பாருங்கள் (போனைக் கட்டுப்படுத்தும் உரிமை பெற்ற செயலிகள் இவற்றில் இருக்கும்). அந்தச் செயலி அங்கே இருந்தால் முதலில் அனுமதியை நீக்குங்கள். நீக்காவிட்டால் அன்இன்ஸ்டால் ஆகாமல் அடம்பிடிக்கும். நீக்கிய பின் அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.
3. *#21# டயல் செய்து, அழைப்புகள் வேறு எண்ணுக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் ##002# டயல் செய்து அதை ரத்து செய்யுங்கள்.
4. வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்து யுபிஐ-யை நிறுத்திவிட்டு, பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

அக்சஸிபிலிட்டி அனுமதி கொடுத்திருந்தால் அன்இன்ஸ்டாலை நம்பாதீர்கள், ஃபேக்டரி ரீசெட்தான் (போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது). படங்களை மட்டும் காப்பி எடுங்கள்.

விருந்தினர்களிடமும் சொல்லுங்கள்: இ-பாஸ் அரசு இணையதளத்தில் இலவசம். காசு கேட்டால் போலி.